கிருஷ்ணகிரிக்கு மேலே போகிற விமானம் யார் கையில் இருக்கிறது?

ஜூன் 30, 2024 (ஓசூர் வாசகர் ஒருவர் கேட்டது)

27ஆம் தேதி சட்டசபையில் முதல்வர் ஓசூர் விமான நிலையம் பற்றி அறிவித்தாரே, 2,000 ஏக்கர், வருடத்துக்கு 3 கோடிப் பயணிகள் என்று. வருமா வராதா என்பதை விடுங்கள். எனக்கு வேறு சந்தேகம். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற விமானம் கிருஷ்ணகிரிக்கு மேலே வருகிறது. அத்திப்பள்ளியில் மாநில எல்லை. அந்த எல்லையில்தானே சென்னைக் கண்ட்ரோல் பெங்களூர்க் கண்ட்ரோலிடம் விமானத்தை ஒப்படைக்கும்? ஓசூரில் இன்னொரு நிலையம் வந்தால் எல்லையில் ஒரே குழப்பமாகாதா?

ஜூன் 30, இரவு 8.10

அத்திப்பள்ளிக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை. செக்போஸ்ட்டெல்லாம் தரையோடு சரி. இந்திய வானத்தைச் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று நான்கு பெரிய வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு எஃப்.ஐ.ஆர். போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வேண்டாம், இது ஃபிளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன். பெங்களூர், ஹைதராபாத், திருவனந்தபுரம் எல்லாமே சென்னை எஃப்.ஐ.ஆருக்குள்தான். கர்நாடகக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், காவிரிப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விமானத்தில் ஏறியது மொத்தம் மூன்று தடவை. ஆனால் என் மச்சினர் மகன் ஒரு விமான நிலையத்தில் கண்ட்ரோலராக இருக்கிறான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கேட்கிற கேள்வியில் அவனுக்குச் சோறு ஆறிவிடும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஜூன் 30, இரவு 11.25

மேலே எழுதியதில் பாதியை விட்டுவிட்டேன். கிருஷ்ணகிரிக்கு மேலே போகிற விமானம் யாரிடம் பேசுகிறது என்பது அது எவ்வளவு உயரத்தில் போகிறது, எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. 35,000 அடியில் நம்மைத் தாண்டிப் போகிறது என்றால் சென்னை ஏரியா கண்ட்ரோல். பெங்களூரில் இறங்குவதற்காகக் கீழே வந்துகொண்டிருக்கிறது என்றால் பெங்களூர் ரேடார். அதாவது எல்லை குறுக்கே போகிற சுவராக மட்டும் இல்லை, மாடி வீடு மாதிரி மேலும் கீழுமாகவும் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் வேறு, மேல்வீட்டுக்காரர் வேறு. ஒரே நிமிடத்தில் கே.ஆர்.பி. அணைக்கு மேலே இரண்டு விமானம் தெரிந்தால் இரண்டும் வேறு வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஜூலை 1, காலை

"ஒப்படைப்பது என்றால் பைலட்டிடம் ரேடியோவில் வேறு நம்பருக்குப் போ என்று சொல்வதுதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று பாலக்கோட்டு நண்பர் கேட்கிறார். அந்த நம்பரைச் சொல்வது கடைசி வேலை. அதற்கு முன்னால் இருக்கிறது சமாசாரம்.

விமானம் எல்லைக்கு வருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே, இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளுக்குத் தகவல் கொடுக்கவேண்டும். இன்ன விமானம், இந்த இடத்தில் உங்கள் வானத்துக்குள் வரும், இத்தனை மணிக்கு, இந்த உயரத்தில். நேரம் சொல்வது கிரீன்விச் கணக்கில், நமக்கு நடு ராத்திரி 12 என்றால் அவர்கள் கடிகாரத்தில் 18.30. அந்தப் பக்கத்துக்காரர் தன் திரையில் பார்ப்பார். அதே உயரத்தில் அதே நேரத்துக்கு இன்னொன்று வந்தால், "34 வேண்டாம், 32 கொடுங்கள்" என்பார். 34 என்றால் 34,000 அடி. மேற்கே போகிறவை இரட்டைப்படை ஆயிரத்திலும் கிழக்கே போகிறவை ஒற்றைப்படை ஆயிரத்திலும் போகவேண்டும் என்று விதி, அதனால்தான் 33 என்று கேட்கமாட்டார். பேசி முடித்து அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் விமானத்தை அந்த உயரத்தில் எல்லைக்கு அனுப்பலாம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? உன் வானத்திலேயே வைத்துக்கொள். சுற்றவிடு, வேகத்தைக் குறை, என்னவோ செய்.

எல்லா விமானத்துக்கும் இப்படி வளவளவென்று பேசமுடியாது என்பதால் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தக் கடிதம் எழுதி வைத்துக்கொள்கின்றன. எந்தப் புள்ளியில் மாறும், எவ்வளவு இடைவெளி விடவேண்டும், எத்தனை நிமிடத்துக்கு முன் சொல்லவேண்டும் என்று. அதற்குள் அடங்கினால் சுருக்கமாக முடியும். அடங்காததற்குத்தான் போன்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் நான் செய்த வேலை இதுதான். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர், அதாவது பாதை காலி, அனுப்பலாம் என்கிற அனுமதி, கொடுக்காமல் வண்டியை அனுப்ப முடியாது. ஒற்றைப் பாதையில் நீல் பால் டோக்கன் இருந்த காலத்தில், அடுத்த ஸ்டேஷன்காரர் அந்தப் பக்கம் அழுத்தினால்தான் இந்தப் பக்கம் பெட்டியிலிருந்து இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்து ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டியாக இருந்தால் ஓட்டத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். முழங்கையில் படும் அடி இரண்டு நாள் வலிக்கும்.

ஜூலை 1, மதியம்

ஒன்று சேர்க்கவேண்டும். விமானத்தில் இரண்டு ஒப்படைப்பு நடக்கிறது. பேச்சு மாறுவது ஒன்று, பொறுப்பு மாறுவது இன்னொன்று. பைலட் எல்லைக்குச் சற்று முன்பே அடுத்தவரோடு பேசத் தொடங்கிவிடுவார். ஆனால் எல்லைப் புள்ளியைத் தாண்டும்வரை பொறுப்பு பழைய ஆளுடையது. நடுவில் அந்த இரண்டு மூன்று நிமிடம் இருக்கிறதே, விமானம் பேசுவது ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம். புது ஆள் பழைய ஆளைக் கேட்காமல் அதைத் திருப்பக்கூடாது. கல்யாணம் முடிந்து பெண் வண்டியில் ஏறிவிட்டாள், ஆனால் வண்டி இன்னும் நம் தெருவைத் தாண்டவில்லை என்கிற மாதிரி.

ஜூலை 2

திருத்தம். நேற்று இரவு ஒரு பதிலில் "ஒவ்வொரு விமானத்துக்கும் நாலு இலக்க எண் கொடுப்பார்கள், பத்தாயிரம் எண் இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். அந்த எண்களில் 8, 9 கிடையாது. 0 முதல் 7 வரைதான், ஆக மொத்தம் 4,096. அதிலும் சிலவற்றைத் தொடக்கூடாது: 7500 கடத்தல், 7600 ரேடியோ வேலை செய்யவில்லை, 7700 ஆபத்து. ரேடார் திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் விமானத்தின் பெயர் தெரிவது இந்த எண்ணை வைத்துத்தான். பக்கத்து நிலையமும் அதே எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்திருந்தால் எல்லையில் எண்ணை மாற்றச் சொல்லவேண்டி வரும்.

ஜூலை 4

மொபைல் டவர் மாதிரியா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஓசூர் தாண்டினால் போனில் "கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம்" என்று வருமே, அப்படியா என்று. இல்லை. போன் தானாகவே டவர் மாறிக்கொள்ளும், நமக்கு ஒன்றும் தெரியாது. இங்கே மனிதர் மனிதரிடம் சொல்லி, பைலட் கையால் ரேடியோவில் அலைவரிசை எண்ணைத் திருகி, "வந்துவிட்டேன்" என்று குரல் கொடுக்கவேண்டும். அந்தக் குரல்தான் முத்திரை.

எண்ணைத் தப்பாகத் திருகினால்? அடிக்கடி நடப்பதுதானாம். அங்கே யாரும் பதில் சொல்லமாட்டார்கள், பைலட் பழைய எண்ணுக்கே திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டுக்கொள்வார். அதனால்தான் பைலட் தனக்குச் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று விதி. இன்னொரு ரேடியோவில் 121.5ஐ எப்போதும் திறந்து வைத்திருப்பார்கள், அது அவசர அலைவரிசை.

இதையெல்லாம் ரேடியோ வாங்கிக் கேட்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், நம் நாட்டில் அனுமதியில்லாமல் அதைக் கேட்பது சட்டப்படி சரியில்லை. விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் போனில் இருக்கிறது, மொட்டைமாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பாருங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது, தலைக்கு மேலே மட்டும் இத்தனை போகிறது.

ஜூலை 7, இரவு

"இதெல்லாம் சம்பிரதாயம், வாய்வார்த்தை போதாதா?" என்று எழுதியவருக்கு ஒரு ராத்திரிக் கதை சொல்கிறேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். மலைப்பாதை, ஒற்றை லைன், ஐப்பசி மழை. இடி விழுந்து, லைன் கிளியர் வாங்குகிற கருவியான பிளாக் இன்ஸ்ட்ருமென்ட் செத்துப்போயிற்று. அப்படி ஆனால் பேப்பர் லைன் கிளியர்: அடுத்த ஸ்டேஷனோடு போனில் பேசி, அனுமதி வாங்கி, கார்பன் வைத்துச் சீட்டு எழுதி டிரைவர் கையில் கொடுக்கவேண்டும்.

ஒரு சரக்கு வண்டியை அனுப்பிவிட்டேன். பின்னாலேயே ஒரு எக்ஸ்பிரஸ் என் பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது. சரக்கு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததாக அவர் சொன்னால்தான் எக்ஸ்பிரஸை விடலாம். ரயில்வே கண்ட்ரோலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஏன் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று. போனைச் சுற்றினேன். ஒரே கரகரப்பு. "சரக்கு வந்துடுச்சா?" என்று கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து "...வந்துடுச்சு" என்று கேட்டது. தெளிவாகவே கேட்டது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

சீட்டை எடுத்தேன். வண்டி எண் எழுதினேன், நேரம் எழுதினேன், ஸ்டேஷன் பெயர் எழுதினேன். பேனா அடுத்த கட்டத்துக்குப் போனது. பிரைவேட் நம்பர். அங்கே எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் ஒரு தாள் இருக்கும். அதில் இரண்டு இலக்க எண்கள், வரிசையில்லாமல் கலைத்துப் போட்டு. அனுமதி கொடுக்கிறவர் தன் தாளிலிருந்து அடுத்த எண்ணைச் சொல்லி, அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். வாங்குகிறவர் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார். அடுத்தவர் தாளில் என்ன எண் வரும் என்று நமக்குத் தெரியாது. அதனால் நாமாகக் கற்பனை செய்து எழுத முடியாது, அவர் உண்மையிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

மறுபடி சுற்றினேன். ஆறேழு தடவைக்குப் பிறகு கிடைத்தார். சரக்கு வரவேயில்லை. மழையில் சக்கரம் வழுக்கி ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் என்னிடம் கேட்டது "கரண்ட் வந்துடுச்சா?" என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டிருக்கிறோம். நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். தமிழில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருப்பது கடைசியில் ஓர் 'ஆ', ஓர் 'உ'. மழைக்காலப் போன் முதலில் விழுங்குவது அதைத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து, சரக்கு ஊர்ந்துபோய்ச் சேர்ந்து, கடைசிப் பெட்டியின் டெயில் லேம்பைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, அவர் எண் கொடுத்தார். 47. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 8

டெயில் லேம்ப் எதற்கு என்று கேட்கிறார்கள். வண்டி நடுவில் அறுந்து பாதி பின்னாலேயே நின்றிருக்கலாம். என்ஜினைப் பார்த்துவிட்டு வந்துவிட்டது என்று சொல்லக்கூடாது.

ஜூலை 8, மாலை

கேள்வி எது, பதில் எது என்று தெரியாமல் போவதை விமானக்காரர்கள் எங்களைவிட அதிக விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ. ஒரு கேப்டன் தனக்குப் புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஓடத் தொடங்கிவிட்டார். அவருடைய விமானத்திலிருந்து சொன்னதை டவர்க்காரர் வேறு மாதிரி புரிந்துகொண்டு "ஓகே" என்றார். அடுத்து "பொறு" என்று சொன்னது இன்னொரு ரேடியோ குறுக்கிட்டுக் கீச்சென்று போயிற்று. இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்கிற வார்த்தையை உண்மையில் அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வாயில் எடுக்கக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'.

ஜூலை 12

அரூர்க்காரர் சொல்கிற சர்க்கி தாத்ரி விபத்து ஞாபகம் இருக்கிறது. 1996 நவம்பர் 12, டெல்லிக்குப் பக்கத்தில், சவூதி ஜம்போவும் கஜகஸ்தான் விமானமும் வானத்தில் மோதி 349 பேர். ஆமாம், இதுவும் ஒப்படைப்பில் நடந்த கோளாறுதான்.

ஜூலை 13

நேற்றுச் சொன்னது தப்பு. அவசரத்தில் தலையாட்டிவிட்டேன். அந்த இரண்டு விமானமும் ஒரே கண்ட்ரோலரிடம்தான் பேசிக்கொண்டிருந்தன. ஒப்படைப்பெல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது. இறங்குகிற விமானத்தை 15,000 அடியில் நிறுத்தச் சொன்னார், ஏறுகிற ஜம்போ 14,000இல். எதிரே ஜம்போ வருவதையும் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொல்லியிருந்தார். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தைத் தாண்டிக் கீழே வந்துவிட்டது. போவதற்கும் வருவதற்கும் ஒரே பாதை, தரையிலிருந்த ரேடாரோ உயரம் காட்டாத பழைய வகை. அதற்குப் பிறகுதான் போக்குக்கும் வரத்துக்கும் தனித்தனிப் பாதை வைத்தார்கள், மோதல் எச்சரிக்கைக் கருவியையும் கட்டாயமாக்கினார்கள்.

ஜூலை 15

ஒப்படைப்பு என்றால் இதைச் சொல்லவேண்டும். 2014 மார்ச் 8, காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370. 239 பேர். அந்த விமானத்துக்கு என்ன ஆயிற்று என்கிற யூகங்களுக்குள் நான் போகவில்லை, எனக்கு வேண்டியது இருபது நிமிடம் மட்டும்.

கோலாலம்பூரின் வானம் முடிந்து வியட்நாமின் ஹோசிமின் வானம் தொடங்குகிற புள்ளி இகாரி. விமானம் அங்கே 1.22க்கு வரும் என்று பேச்சு. 1.19க்கே கோலாலம்பூர்க்காரர் "ஹோசிமின்னைக் கூப்பிடுங்கள், 120.9" என்கிறார். விமானத்திலிருந்து "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஜீரோ." எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை. 1.21க்குத் திரையிலிருந்து அடையாளம் போய்விட்டது.

கொடுத்தவருக்கு அது போய்விட்ட வண்டி. வாங்கவேண்டியவருக்கு அது இன்னும் வராத வண்டி. குறித்த நேரத்துக்கு 5 நிமிடத்துக்குள் குரல் வரவில்லை என்றால் ஹோசிமின் கேட்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கேட்டது 1.39க்கு. தேடுதல் மீட்பு மையத்தை முடுக்கிவிட்டது விடிகாலை 5.30க்கு.

இதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. அந்த இருபது நிமிடத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அசட்டையான ஆட்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி டூட்டியில் "குட் நைட்" என்று ஒரு குரல் கேட்டால் மனம் அந்தக் கோப்பை மூடிவிடும். எனக்குத் தெரியும். ஒரு வண்டி கடைசி சிக்னலைத் தாண்டி மறைந்ததும் எத்தனை தடவை நான் டீக் குடிக்கத் திரும்பியிருக்கிறேன்.

ஜூலை 16

"வாங்குகிறவர்தான் கேட்டிருக்கவேண்டும், கொடுத்தவர் மேல் என்ன தப்பு?" என்று ஒருவர். யார் மேல் தப்பு என்று நான் எழுதவில்லை. ரயில்வேயில் என்றால் இரண்டு பக்கமும் கேட்கவேண்டும். போன வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அனுப்பினவனுக்கும் வயிற்றைக் கலக்கவேண்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துவிட்டும் சொல்ல வழியில்லாமல் போன கதையும் உண்டு. 2002 ஜூலை 1, ஊபர்லிங்கன். ஜெர்மனி வானம், ஆனால் பொறுப்பு சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நிலையத்துக்கு. அங்கே ராத்திரி ஒரே ஆள் இரண்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் பராமரிப்பு வேலைக்காக முக்கிய இணைப்பை நிறுத்தியிருந்தார்கள், மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. பக்கத்து ஜெர்மன் நிலையமான கார்ல்ஸ்ரூவேயில் இரண்டு புள்ளிகள் நெருங்குவதைத் திரை எச்சரித்தது. கார்ல்ஸ்ரூவே ஆள் ஜூரிக்கைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். போகவில்லை. விமானங்களும் அவர் அலைவரிசையில் இல்லை. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள்.

ஆறேழு தடவை சுற்றியதும் எனக்குப் போன் கிடைத்தது என்று போன வாரம் எழுதினேன், இல்லையா. கிடைத்தது.

ஜூலை 20

ரயில்வே நண்பர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். ஒரு பதிலில் "தருமபுரி பெங்களூர் கோட்டம், ஓமலூர் சேலம் கோட்டம், அங்கே எப்போதும் எல்லை உண்டு" என்று எழுதிவிட்டேன். இன்றைக்குச் சரி. தென்மேற்கு ரயில்வே வந்தது 2003இல், அதுவரை பெங்களூர்க் கோட்டமும் தெற்கு ரயில்வேதான். சேலம் கோட்டம் 2007இல்தான் வந்தது, முன்பு அது பாலக்காடு. எல்லைக் கோடு நான் வேலையில் இருந்தபோதே பேர் மாறியது. அந்தந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர்கள் மட்டும் ஒருவரையொருவர் அதே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 4

ஆடிப் பதினெட்டுக்கு மச்சினர் மகன் வந்திருந்தான். ஒகேனக்கல்லில் வெள்ளம், குளிக்கத் தடை, ஆகவே வீட்டிலேயே கிடந்தான். எனக்கு வசதி. இந்த இழை முழுக்கப் படிக்கக் கொடுத்தேன்.

முதல் அடி: "மாமா, வண்டியையும் விமானத்தையும் ஒன்றாகப் போட்டுட்டீங்க. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் சிவப்பு காட்டி நிறுத்திடலாம். எனக்கு நிறுத்துகிற வசதி இல்லை." அது உண்மை. லைன் கிளியர் கிடைக்காத எக்ஸ்பிரஸ் என் பிளாட்பாரத்தில் சும்மா நின்றது, ஜனங்கள் என்னைத் திட்டினார்கள், அவ்வளவுதான். அவனுடைய எக்ஸ்பிரஸ் நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் நகர்ந்துகொண்டே பதிலுக்குக் காத்திருக்கும்.

இரண்டாவது: இப்போது போன் குறைந்துவிட்டதாம். சென்னை மாதிரிப் பெரிய நிலையங்களில் கணினியே பக்கத்துக் கணினிக்குத் தகவல் அனுப்பும். இன்ன விமானம் வருகிறது என்று ஒரு செய்தி, நேரமும் உயரமும் சொல்லி ஒரு செய்தி, அதற்கு ஒப்புதல் ஒன்று. கடைசியில் "கொடுக்கிறேன்" என்று இங்கிருந்து ஒன்று போகும், "எடுத்துக்கொண்டேன்" என்று அங்கிருந்து ஒன்று வரும். பதில் வரவில்லை என்றால் திரையில் நிறம் மாறும், உடனே போனை எடுக்கவேண்டும்.

"அந்த 'எடுத்துக்கொண்டேன்' செய்திதான் பிரைவேட் நம்பர்" என்றேன்.

"அப்படியே வெச்சுக்குங்க" என்றான். சமாதானத்துக்குச் சொன்னதா என்று தெரியவில்லை, அவன் அத்தை அப்போது வடை கொண்டுவந்தாள்.

மூன்றாவதாக அவன் சொன்னது எனக்குப் புதிது. கடலுக்கு மேலே ரேடார் எட்டாது. வங்கக் கடலைத் தாண்டிக் கோலாலம்பூர் பக்கம் போகிறவற்றைச் சென்னை கண்ணால் பார்க்காமலேயே கொடுக்கவேண்டும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று 10 நிமிடம், அல்லது செயற்கைக்கோள் வழியாக இடம் சொல்கிற விமானமாக இருந்தால் 50 கடல் மைல் என்று இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். அங்கே விமானம் என்பது ஒரு பேரும் ஒரு நேரமும் மட்டும். நம் பழைய மலைப்பாதை மாதிரி, வளைவு தாண்டினால் அடுத்த ஸ்டேஷன்காரர் சொல்கிறவரை ஒன்றும் தெரியாது. இதற்கு அவன் மறுப்புச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

ஓசூர்க்காரர் கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டோம், அவர் உட்பட. மச்சினர் மகனிடம் கேட்டேன். ஓசூரில் நிலையம் வந்தால் மாநில எல்லையால் ஒன்றும் ஆகாது. பெங்களூர் விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளியும் ஓசூரும் வானத்தில் ரொம்பப் பக்கம். ஒன்றிலிருந்து ஏறுவதும் மற்றதில் இறங்குவதும் ஒரே இடத்தில் குறுக்கிடும். அதனால் இரண்டுக்கும் சேர்த்து அணுகு பாதைகளை வரையவேண்டும். ஒரே ரேடார் அறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் சுலபம். அப்போதும் ஒப்படைப்பு உண்டு, தோளைத் தட்டிச் சொல்கிற ஒப்படைப்பு. எலஹங்கா ராணுவத் தளத்தையும் ஹெச்.ஏ.எல். ஓடுபாதையையும் வைத்துக்கொண்டு பெங்களூர் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம் வானத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பெங்களூர் நிலையத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, 2008இல் திறந்ததிலிருந்து 25 வருடத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் புது நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. அது 2033 வரை. ஓசூருக்கு அவர்கள் 'லைன் கிளியர்' கொடுப்பார்களா என்பதைக் கண்ட்ரோலரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

ஆகஸ்ட் 18

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பாக்கெட் டைரிகள் கிடைத்தன. டூட்டி முடிந்ததும் முக்கியமானதை அதில் குறித்துக்கொள்வேன். அந்த மழை ராத்திரியும் இருந்தது. இரண்டே வரி. "இன்ஸ்ட்ருமென்ட் ஃபெயிலியர். சரக்கு ஏற்றத்தில் 45 நிமிடம்." ஓரத்தில் எண்.

47 என்று ஜூலை 7இல் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறது என்று வேறு சேர்த்திருந்தேன். 74. திருத்திக்கொள்ளவும்.